ஜெட்டியில் நீங்கள் கேட்ட கேள்வி: காக்காவுக்கு (அண்ணனுக்கு) ஒரு கடிதம்

அன்புள்ள காக்கா,

தொலைநோக்கி நேரத்துக்கான விண்ணப்பத்தை நேற்று அனுப்பிவிட்டேன். இணை ஆய்வாளர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. இதைப் பிறர் சொல்லி நீங்கள் அறியக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். பலரும் படிக்கும் இடம் என்பதால் சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறேன்.

நோன்புப் பிறை பார்க்கக் கீழக்கரை ஜெட்டியில் கூட்டம் நின்ற அந்த மாலையை என்னால் மறக்க முடியவில்லை. என் முந்தைய விண்ணப்பத்தின் முதல் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு, "நான்கு இரவு கேட்கிறாயே, மூன்று கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்டீர்கள். மற்றவர்கள் நான்கு கேட்கிறார்கள் என்பதைத் தவிர என்னிடம் விடை இல்லை. அப்போது பிறை தெரிந்தது. சற்று நேரத்தில் அது மறைந்ததும், "இந்த இருட்டுக்குத்தான் போட்டி, உன் மங்கலான விண்மீன் மண்டலத்துக்கு இது ஏன் வேண்டும் என்று எண்களால் சொல்" என்றீர்கள். சமிக்ஞை-இரைச்சல் விகிதம் (பொருளின் ஒளி இரைச்சலைவிட எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பதன் அளவு) இரட்டிப்பாக நான்கு மடங்கு நேரம் வேண்டும் என்பதையும், நிலவொளியால் வானப் பின்னணி நான்கு மடங்கு பிரகாசமானால் அதே தரத்துக்கு அதே நான்கு மடங்கு நேரம் செலவாகும் என்பதையும், அன்றிரவு உம்மா சஹருக்கு எழுப்பும்வரை என்னுடன் உட்கார்ந்து கணக்கிட்டுக் காட்டினீர்கள். அதைப் போல் வேறு யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

ஆனால் கடைசி நாளில் பக்க வரம்புக்காக அந்தக் கணக்குள்ள பத்தியைத்தான் வெட்டினீர்கள். அண்டத்தின் வரலாற்றையே விளக்கப்போவதாகத் தொடங்கும் உங்கள் முன்னுரைக்கு இடம் வேண்டியிருந்தது. கேட்ட நேரத்துக்குக் காரணம் இல்லை என்ற குறிப்புடன் விண்ணப்பம் திரும்பி வந்தபோது, எல்லோர் முன்னிலையிலும் "கணக்கு அவளுடையது" என்றீர்கள். வெட்டாதீர்கள் என்று அன்றே சொல்லாதது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்தச் சொல்லை மட்டும் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

இம்முறை முதல் பத்தியில் ஒரே ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன்: அந்தக் குறு விண்மீன் மண்டலத்தின் விளிம்பில் இளம் விண்மீன்கள் இருக்கின்றனவா? இல்லை என்று தெரிந்தாலும் எந்தக் கருத்து விழும் என்பதை அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் காவலூர் வான்காணகத்திலுள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி பெரிதுதான். ஆனால் அந்த மண்டலம் இருக்கும் மீன ராசி நள்ளிரவில் உச்சிக்கு வரும் அக்டோபரில் பருவமழை மேகம் அங்கே வழிவிடாது. ஆகவே 4,500 மீட்டர் உயரத்தில், லடாக்கின் ஹான்லேயிலுள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைக் கேட்டிருக்கிறேன். நீல வடிகட்டியில் நிலவொளி அதிகம் இடையூறு செய்யும் என்பதால், அமாவாசையை ஒட்டிய மூன்று இரவுகள் மட்டும் போதும் என்று கணக்கோடு காட்டியிருக்கிறேன்.

அன்றைய கணக்குத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் கையெழுத்தில் உள்ள இரண்டு வரிகளை அப்படியே எடுத்தாண்டிருக்கிறேன். நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயரும் இருக்கிறது. அது போதாது என்று உங்களுக்குத் தோன்றலாம். உம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். பெருநாளுக்கு நீங்கள் ஊருக்கு வருவீர்களா என்று மட்டும் கேட்டார்.