மாவு பிசைந்த சனிக்கிழமைக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்மக்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேர் பள்ளி வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்து ரொட்டி மாவு பிசைந்தார்கள். மாலையில் ஆளுக்கொரு பங்கு ரொட்டியோடு வீட்டுக்குப் போனார்கள். உங்களில் பலர் அதைச் சாப்பிட்டும் இருப்பீர்கள். அந்த ரொட்டிக்குப் பின்னால் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நுண்ணுயிரிகள் பாடத்தில் ஈஸ்ட் வருகிறது. சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியே விடும் என்று கரும்பலகையில் எழுதிப் போடலாம், பிள்ளைகளும் மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ஆனால் குடமுருட்டிக் கரையில், கண்ணுக்கு எட்டிய தூரம் நெல் விளையும் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு ரொட்டி என்பது கடையில் பாலிதீன் உறையில் வரும் பொருள், காய்ச்சல் வந்தால் பாலில் நனைத்துத் தருவது. அது மாவாக இருந்து எப்படி ரொட்டியானது என்று யாரும் பார்த்ததில்லை. அதைக் கையால் செய்து பார்க்க வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆசை மட்டும்தான் என்னிடம் இருந்தது. இரண்டு வாரம் முன்பு வீட்டில் நானே செய்து பார்த்தபோது, சீக்கிரம் பொங்கட்டும் என்று ஈஸ்ட்டில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்தும் மாவு வைத்தது வைத்தபடி கிடந்தது. மறுநாள் கடைத்தெரு பேக்கரியில் போய் நின்றேன். பேக்கரி பாய் நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "உசுருள்ள சாமான் டீச்சர் அது. உங்க கை பொறுக்குற சூடுதான் அதுக்கும்," என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் சனிக்கிழமை வகுப்பையே நடத்தினேன்.

பாய் அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. விடியற்காலை நாலு மணிக்கே வேலை தொடங்கும் மனிதர், அன்றைக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஒன்பது மணிக்கு பள்ளிக்கு வந்தார். மூன்று மூன்று பேராகப் பன்னிரண்டு குழு. ஒரு குழுவுக்கு அரை கிலோ மைதா, 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட், 25 கிராம் சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய். பேக்கரிக்காரர்கள் எல்லாக் கணக்கையும் மாவை நூறாக வைத்துத்தான் போடுவார்களாம். மாவு 100 என்றால் தண்ணீர் 60, உப்பு 2, ஈஸ்ட் 1. பத்து கிலோவுக்கும் அதே கணக்குதான், அரை கிலோவுக்கும் அதேதான். விழுக்காடு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் அன்று ஒரு மூச்சில் போட்டார்கள். பக்கத்தில் நின்ற கணக்கு ஆசிரியர் தானும் ஒரு குழுவில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் நன்றி.

ஐந்து கிராம் ஈஸ்ட்டை மளிகைக் கடைத் தராசில் சரியாக நிறுக்க முடியாது. கீழவீதிப் பத்தர் அய்யா, தங்கம் நிறுக்கிற சின்னத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, பன்னிரண்டு பொட்டலத்தையும் தன் கையாலேயே நிறுத்துக் கொடுத்தார். பவுன் நிறுப்பது போலவே மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்தார். அய்யா, அந்தப் பொட்டலக் காகிதத்தைப் பல பிள்ளைகள் நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

சத்துணவு அக்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையிலேயே அவர் ஒரு தாம்பாளத்தில் அரிசி மாவைக் கொண்டுவந்து வைத்தார். "இதுலயும் பிசைஞ்சு பாக்கட்டும் டீச்சர், அப்பத்தான் வித்தியாசம் தெரியும்," என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. பிள்ளைகள் அரிசி மாவைப் பிசைந்து இழுத்தார்கள், பொலபொலவென்று உதிர்ந்தது. மைதாவை இழுத்தார்கள், ரப்பர் போல நீண்டது. அப்புறம் மைதா உருண்டை ஒன்றை ஒரு வாளித் தண்ணீரில் அலசச் சொன்னேன். வெள்ளை வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து போகப் போக, கடைசியில் கையில் பிசின் போன்ற ஒரு கட்டி மட்டும் மிஞ்சியது. அதுதான் குளூட்டன். கோதுமையில் உள்ள இரண்டு புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து பின்னிக்கொண்ட வலை. ஈஸ்ட் விடும் வாயுவைப் பிடித்து வைப்பது அந்த வலைதான். அரிசியில் அது கிடையாது. "அப்ப இட்லி எப்படி டீச்சர் உப்புது?" என்று ஒரு பெண் கேட்டாள். பதில் சொன்னது அக்காதான்: "அதுக்குத்தான் உளுந்து. உளுந்து சரியில்லன்னா இட்லி கல்லு மாதிரி வரும்." நான் அதற்கு மேல் சேர்க்க எதுவும் இருக்கவில்லை.

பிசைதலைப் பற்றி. பத்து நிமிடம் விடாமல் பிசைய வேண்டும். முதல் மூன்று நிமிடம் மாவு கையெல்லாம் ஒட்டும், அப்போது எல்லோருமே மேலும் மாவு போடக் கேட்பார்கள். பாய் அண்ணன் போட விடவில்லை. ஒரு குழுவின் மாவு வெகுநேரம் கொழகொழவென்றே இருந்தது. நான் வாங்கிச் சரிசெய்யப் போனேன். "விடுங்க டீச்சர், அவுங்களே கொண்டாந்துருவாங்க," என்று தடுத்தார். கொண்டுவந்தார்கள். பிள்ளைகளின் தவற்றைப் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது எவ்வளவு கடினம் என்று பதினைந்து வருடமாக வகுப்பறையில் நிற்கும் எனக்குத் தெரியும். அண்ணனுக்கு அது இயல்பாக வருகிறது.

அந்த வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். அவன் அப்பா பரோட்டா மாஸ்டர். அவன் கையில் மாவு போனதும் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளி, ஒரே தாளத்தில் பிசைந்தான். எல்லாக் குழுவும் எழுந்து வந்து அவனைச் சுற்றி நின்றது. அண்ணன் அவன் மாவிலிருந்து நெல்லிக்காய் அளவு கிள்ளி, இரண்டு கை விரலாலும் மெதுவாக விரித்து வெயிலுக்கு நேரே பிடித்தார். கிழியாமல் சவ்வு போல விரிந்தது, பின்னால் இருந்த விரல்களின் நிழல் அதில் தெரிந்தது. "இதான் பதம்," என்றார். அன்று முழுக்க மற்றவர்கள் அவனிடம்தான் பதம் பார்க்கக் கொண்டுபோனார்கள். வீட்டில் மகனுக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுத்திருக்கும் அந்தத் தகப்பனாருக்கு என் வணக்கமும் நன்றியும்.

ஆடிக் காற்று அடித்தாலும் வெக்கைக்குக் குறைவில்லை. ஈரத்துணி போட்டு மூடிய மாவு ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காகிவிட்டது. சித்திரை, வைகாசியில் ஐஸ் தண்ணீர் ஊற்றித்தான் பிசைவார்களாம், இல்லாவிட்டால் மாவு ஓடிப் புளித்துவிடும் என்றார் அண்ணன். ஒரு விரலை மாவில் அழுத்தி எடுக்கச் சொன்னார். குழி மெல்ல, பாதி மட்டும் எழும்பினால் தயார். முப்பத்தாறு பேரும் ஆளுக்கொரு குழி போட்டார்கள்.

உருட்டி டின்னில் வைத்த மாவை பேக்கரியின் விறகு அடுப்புக்குக் கொண்டுபோனது வடக்குத்தெரு தம்பியின் குட்டியானை வண்டியில். வாய்க்கால் பாலத்து மேட்டில் குலுங்கினால் மாவு அமுங்கிவிடும் என்று அவர் மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். அனுமதி தந்த தலைமை ஆசிரியருக்கும், சனிக்கிழமையும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கும், கை கழுவத் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டுத்தந்த பஞ்சாயத்துப் பணியாளருக்கும் நன்றி.

24 ரொட்டி வந்தது. இரண்டு கொஞ்சம் கருகின, ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தது. சூட்டோடு அறுக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பாய் அண்ணனுக்கு ஒரு சேதி. உங்கள் டின்களில் இரண்டு இன்னும் பள்ளியில் இருக்கின்றன. பிள்ளைகள் கழுவி, எண்ணெய் தடவி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அந்தப் பையனே கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள் அண்ணே.

அன்புடன்,
எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.