பின் வாங்கில் பேசாமல் இருந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். இந்த மடலைப் போன மாதமே எழுதியிருக்க வேண்டும், ஆனால் தவணைப் பரீட்சை வந்துவிட்டது, அப்புறம் பரீட்சை முடிந்த களைப்பு. உயர்தரம் படிக்கிற நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து, தரம் 9, 10 பிள்ளைகளுக்கு ஆறு சனிக்கிழமை நடத்திய தலைமைத்துவப் பயிற்சி ஒருமாதிரி முடிந்துவிட்டது. பெயர்கள் எதுவும் போடவில்லை. போடத் தொடங்கினால் யாராவது விடுபடுவார்கள், பிறகு அது வேறு பஞ்சாயத்து.

பொறுப்பாசிரியரிடமிருந்து தொடங்குகிறேன். டீச்சர், நீங்கள் பின் வாங்கில் பேசாமல் இருந்ததற்குத்தான் முதல் நன்றி. முதல் சனிக்கிழமை நாங்கள் எப்படிச் சொதப்பினோம் என்று உங்களுக்குத் தெரியும். முப்பத்துநான்கு ஸ்லைட், ‘தலைவருக்கு இருக்க வேண்டிய பண்புகள்’ என்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தோம், பாதிப் பேர் தூங்கினார்கள், ஒரு தம்பி மட்டும் கையைத் தூக்கி “அண்ணா, இதை நோட்ஸ் எழுத வேணுமா?” என்று கேட்டான். நீங்கள் சிவப்புப் பேனையால் கொப்பி திருத்திக்கொண்டே இருந்தீர்கள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. போகும்போது மட்டும் “சரி, அடுத்த கிழமை என்ன செய்யப் போறீங்கள்?” என்றீர்கள். அந்த ஒரு கேள்வியால் எங்கள் வட்ஸ்அப் குரூப் இரவு ஒரு மணிவரை தூங்கவில்லை.

அந்தக் கிழமைதான் பழைய மாணவி ஒரு அக்கா வந்து கரும்பலகையில் ஒரு ஏணி வரைந்து காட்டினார். பிள்ளைகளின் பங்களிப்பைப் பற்றி ரொஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியதில் வருகிற ஏணி, எட்டுப் படி. கீழே இருக்கிற மூன்றையும் அவர் பங்களிப்பு என்றே கணக்கெடுப்பதில்லையாம். பிள்ளைகளைத் தங்கள் தேவைக்குப் பயன்படுத்துவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்கு ஒரு கதிரை கொடுப்பது. அலங்காரம் என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டோம், பிரதம விருந்தினர் வரும்வரை மாலையும் தட்டுமாக வெயிலில் நின்றது எங்களுக்குத் தெரியாததா? உச்சிப் படி, பிள்ளைகளே தொடங்கி, பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுப்பது. “அப்ப, போன சனிக்கிழமை நீங்கள் அந்தப் பிள்ளைகளை எந்தப் படியில் வைத்திருந்தீங்கள்?” என்று அக்கா கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. அக்கா, அந்தக் கேள்விக்கும் நன்றி, அன்றைக்கு உங்கள் மேல் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை.

ஸ்லைட் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தோம். எட்டுப் பேருக்கு ஒரு குழு, ஒவ்வொரு கிழமையும் ஒரு ஆள் தலைவர், ஒரு ஆள் குறிப்பெடுப்பார், ஒரு ஆள் நேரம் பார்ப்பார். டஸ்டர் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். தலைவர் கடைசியாகத்தான் பேச வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும், செய்து பாருங்கள். மூன்றாவது கிழமை தரம் 9 தங்கச்சி ஒருத்தி தலைவர். இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள், தன் யோசனை மறந்துவிடாமல் இருக்க உள்ளங்கையில் பேனையால் எழுதிவைத்தாள். அவளுடைய முறை வந்தபோது கையைப் பார்த்தாள், மற்றவர்களைப் பார்த்தாள், “நான் சொல்ல இருந்தது எல்லாம் நீங்களே சொல்லிட்டீங்கள், வோட் எடுப்பமா?” என்றாள். (டையெல்லாம் சோக்குத் தூள் என்று முறைப்பட்ட அம்மாமாரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். அது டஸ்டரின் வேலை.)

பெற்றோருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கொழும்பில் சனிக்கிழமை என்பது டியூஷனுக்கு எழுதிவைத்த சொத்து. அதில் ஆறு நாளை எங்களுக்கு விட்டுக்கொடுத்தீர்கள். முடியாது என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள், சாதாரண தரப் பரீட்சை கிட்ட வருகிறது என்றால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெள்ளவத்தையில் கணிதம் படிப்பிக்கிற சேர் ஒருவர் தரம் 10 வகுப்பையே பின்னேரத்துக்கு மாற்றித் தந்தார். ஸ்கூல் வான் ஓடாத நாளில் மட்டக்குளியிலிருந்து தன் மகனோடு இன்னும் நாலு பிள்ளைகளையும் பஸ்ஸில் கூட்டிவந்த அம்மா, உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

கன்டீன் அக்கா தனி. ஒரு குழு லஞ்ச் ஷீட் பிரச்சினையை எடுத்துக்கொண்டது, சாப்பாடு சுற்றுகிற மெல்லிய பொலித்தீன் தாள்தான் அது. 2017 ஏப்ரலில் கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது, அந்த வருடம் செப்டம்பரிலேயே லஞ்ச் ஷீட்டுக்கு அரசாங்கம் தடை போட்டது, ஆனாலும் எங்கள் குப்பைத்தொட்டியில் அது நிறைந்து கிடந்தது. பிள்ளைகள் பெரிய கடிதமாக எழுதிக்கொண்டு போனார்கள். அக்கா அதை வாங்கி எண்ணெய்க் கையோடு மடித்து வைத்துவிட்டு, “பெட்டி கொண்டுவாற ஆளுக்கு ஒரு பருப்பு வடை கூட, சரியா?” என்றார். பேச்சுவார்த்தை முடிந்தது. முதல் நாள் பதினாலு பெட்டி, அந்தக் கிழமை முடியும்போது வடை போதவில்லை.

நான்காவது சனிக்கிழமை இரண்டரைக்கு ஐப்பசி இடியோடு மழை கொட்டி கரண்ட் போனபோது, எல்லோரையும் ‘புதே’ (சிங்களத்தில் ‘மகனே’) என்று கூப்பிடுகிற வாசல் மாமா கேட்காமலே டோர்ச்சும் கொண்டுவந்து, கடைசிப் பிள்ளையின் அப்பா வரும்வரை கூடவே நின்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, இதை நாங்கள் சிங்களத்தில் நேரில் சொல்லிவிட்டோம். புரொஜெக்டர் தந்த பழைய மாணவர்களுக்கும் போட்டோகொப்பிக்குக் காசு வாங்காத கடைக்கார அண்ணாவுக்கும் நன்றி.

அடுத்த வருடக் குழுவை தரம் 10 பிள்ளைகளே தெரிவு செய்துவிட்டார்கள், எங்களிடம் கேட்கவுமில்லை.

கடைசியாக ஒன்று. இரண்டு குடையும் ஒரு சில்வர் சாப்பாட்டுப் பெட்டியும் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. பெட்டி மூடியில் நீல நெயில் பொலிஷால் ‘சு’ என்று எழுதியிருக்கிறது. யாருடையது என்றாலும் திங்கட்கிழமை இடைவேளைக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள், கழுவித்தான் வைத்திருக்கிறோம்.