ஞாயித்துக்கெழம ஷிப்டு

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். அப்பாவுக்கும் ஆத்தாவுக்கும் தங்கச்சிப் பாப்பாவுக்கும் சொல்லிரு. நான் நல்லாருக்கறேன்.

உன்ற லெட்டர் செவ்வாக்கெழம வந்துச்சு. போன் இருக்கறப்ப எதுக்கு லெட்டர் போட்டேன்னு முதல்ல பயந்தே போயிட்டேன், கவரக் கிழிக்காம கதவுகிட்டயே சித்தெ நேரம் நின்னேன். அப்பறந்தான் வெளங்குச்சு. போன்ல பேசுனா "சரிம்மா சரிம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு"ன்னு வெச்சுருவேன், காயிதத்துல எழுதுனா வெக்க முடியாதுன்னு ரோசனை பண்ணியிருக்கற. நாலு மாசமா நானும் ஒழுங்கா பேசல, தப்பு எம்பேருலதான். அதான் நானும் காயிதத்துலயே எழுதறேன், கையெழுத்து கோழி கெளறுனாப்புல இருந்தா பாப்பாவப் படிக்கச் சொல்லு.

பார்சலும் வந்துச்சு, ஆனா முழுசா வரல. பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி டேப்பு ஒட்டி உள்ள ஒரு சீட்டு வெச்சிருந்தாங்க. நீ பழைய வேட்டித் துணியில சுத்தி வெச்ச மஞ்சக்கெழங்கையும் ஆத்தா குடுத்த அவரை வெதையையும் எடுத்துக்கிட்டாங்க. வெதை, கெழங்கு, மண்ணு ஒட்டுன எதுவா இருந்தாலும் இந்த ஆஸ்திரேலியாவுக்குள்ள உடமாட்டாங்கம்மா, இங்க இல்லாத பூச்சியும் நோவும் வந்துரும்னு பயம். ஆத்தாகிட்ட இதச் சொல்லாத, மொளச்சுருச்சு, கொடி வேலி மேல ஓடுதுன்னு சொல்லிரு. பருப்புப்பொடி தப்பிச்சுருச்சு.

அன்னைக்கு ராத்திரியே அரிசிம்பருப்பு ஆக்குனேன். சின்ன வெங்காயத்துக்கு இங்க நகைக்கடை வெலை சொல்றான், பெரிய வெங்காயத்தப் போட்டா அது அரிசிம்பருப்பே இல்ல, ஏதோ மஞ்சக் கலர்ல ஒரு சோறு. ஆனா குக்கரத் தொறந்ததும் வாசம் மட்டும் அப்படியே நம்ம வூட்டு அடுப்படி வாசம். நின்னமேனிக்கே ரெண்டு தட்டம் தின்னுட்டேன். தின்னு முடிச்சு கை கழுவப் போறப்பதான் லைட்டே போடலைன்னு தெரிஞ்சுது.

குளிரு பத்திக் கேட்டிருந்த. இங்க ஆடி மாசந்தான் மார்கழி. காலையில புல்லு மேல உப்பக் கொட்டுனாப்புல வெள்ளையா கெடக்கும், சில நாளைக்கு பூஜ்யத்துக்குக் கீழயே போயிரும். ஹீட்டரு எனக்கு ஒத்துக்கறதில்ல, தொண்டை காஞ்சுருது, அதனால அவ்வளவா போடறதில்ல. சென்னிமலைப் போர்வை ரெண்டையும் ஒன்னு மேல ஒன்னு போத்திக்கறேன். காரை வித்துட்டேன்னு பாப்பா போட்டுக் குடுத்திருப்பா, அது வேணும்னேதான் வித்தேன், சைக்கிள்ல போனா தொப்பை கரையுது.

~~இந்த மாசம் பேங்க்குல ஏதோ சர்வர் பிரச்சனைன்னு~~ இந்த வரிய அடிச்சுட்டேன், கண்டுக்காத, பொறகு சொல்றேன்.

அப்பா கேட்டாருன்னா சொல்லு, நான் இருக்கறது மெல்போர்ன் இல்ல. அங்கிருந்து வடக்கால 180 கிலோமீட்டருக்கு மேல வரணும், ஷெப்பர்ட்டன். கோல்பர்ன் ஆத்துத் தண்ணிய வாய்க்கா வெட்டிக் கொண்டாந்து பேரிக்கா, பீச்சு, ஆப்ரிகாட்டுன்னு கண்ணுக்கு எட்டுன தூரம் தோப்பு வெச்சிருக்கறாங்க. கீழ்பவானி வாய்க்கா மேட்டுல நடக்கறாப்புலயேதான் இருக்குது, அப்பா வந்தா ஒரு வாரம் அந்த மேட்ட விட்டு எறங்கமாட்டாரு. பல எடத்துல மடை தொறக்கறதெல்லாம் கம்ப்யூட்டர்லயே பண்றாங்க, ராத்திரி மம்பட்டியத் தூக்கிட்டுப் போயி மடை திருப்பற வேலையே இல்ல. தண்ணிச் சண்டையும் இல்ல, பேசறக்கு ஆளும் இல்ல. இந்த விசாவுக்கு இந்த மாதிரி வெளியூருப் பக்கமே மூணு வருசம் இருந்தாத்தான் பிஆர், அதான் நெரந்தரமா தங்கற உரிமை, கேக்க முடியும், இன்னும் ஒரு வருசம் எட்டு மாசம் பாக்கி.

குப்பைத்தொட்டித் தாத்தா பத்தி சொல்லியே ஆகோணும். பக்கத்து வூடு, இத்தாலிக்காரரு, சின்ன வயசுல தோப்பு வேலைக்கு வந்து இங்கயே தங்கிட்டாரு. இந்தக் குளுருல அரை டவுசரு போட்டுக்கிட்டு ஆறு மணிக்கே வெளிய நிப்பாரு. இங்க செவப்பு மூடித் தொட்டி ஒன்னு, மஞ்ச மூடித் தொட்டி ஒன்னு, எதுல எதைப் போடோணும்னு கணக்கு. நான் பால் டப்பாவ மாத்திப் போட்டேன்னு அவரு அதை எடுத்துக் கழுவி என்ற கதவத் தட்டி கையில குடுத்தாரு, ஒரு வார்த்தை பேசல. நம்ம சிவகிரி அத்தைக்கு அண்ணன் ஒருத்தரு இருந்திருந்தா இவராத்தான் இருந்திருப்பாரு.

அவரு சம்சாரம் நான் வேலை பாக்கற முதியோர் இல்லத்துலதான் இருக்குது. மறதி நோவு. அறுவது வருசம் பேசுன இங்கிலீசு மொத்தமும் போயி பொறந்த ஊருப் பேச்சு மட்டும் மிஞ்சியிருக்குது, இந்த நோவு வந்தவங்களுக்கு அப்படி ஆகறதுதானாம். தாத்தா தெனமும் பதினோரு மணிக்கு வந்து ஊட்டி உடுவாரு, நாங்க ஊட்டுனா வாயத் தொறக்காது. ஒரு ஞாயித்துக்கெழம அவருக்குக் காச்சல், வரல. நான் கிண்ணத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன், முந்தின ராத்திரியும் ஷிப்டு பாத்தது, தூக்கம் கண்ணக் கட்டுது. தூங்கிரக் கூடாதுன்னு என்னையறியாம திருவிருந்து நேரத்துல பாடற ராகத்த முணுமுணுத்திருக்கறேன். அந்தம்மா மேசையில தாளம் போட ஆரம்பிச்சுருச்சு, தாளம் தப்புத்தான், ஆனா வாய் தொறந்துச்சு. பாட்டு நின்னா வாயும் மூடிக்குது. முக்கா மணி நேரம் பாடுனேன்மா. எனக்குத் தெரிஞ்ச கீர்த்தனையெல்லாம் தீந்து போயி, கடைசி ரெண்டு கரண்டிக்கு வள்ளி கும்மிப் பாட்டே பாடிட்டேன். நம்ம சபை ஐயருகிட்ட சொல்லிராத.

மறுநா காலையில என்ற கதவுக்கு முன்னாடி ஒரு பக்கெட்டு எலுமிச்சம்பழம்.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். சுத்திச் சுத்தி எழுதறான்னு நீ நெனைக்கறது எனக்குத் தெரியுது. "கர்த்தருக்குன்னு குடுத்த புள்ளைடா நீ, மறந்துட்டயா"ன்னு கேட்டிருக்கற. மறக்கல. மூணு வயசுல காச்சல் கண்டு மிஷன் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ பண்ணுன பொருத்தனை, வருசா வருசம் என்ற பொறந்தநாளுக்குச் சொல்லுவியே, எப்படி மறக்கறது. ஆனா நான் அதை ஒரு கடனாட்டத்தான் வெச்சிருந்தேன். முதல்ல ஏஜெண்டுக்குக் குடுக்கறக்கு வாங்குன கடன், அப்பறம் பிஆர், அப்பறம் பாப்பா கல்யாணம், அப்பறம் மாடியில ரெண்டு ரூம்பு, எல்லாம் முடிஞ்சு மிச்சம் ஏதாச்சும் இருந்தா சாமிக்கு. காலையில எந்திரிச்சதும் போன்ல பாக்கறது பவானிசாகர்ல எத்தனை அடின்னு, அடுத்தது டாலரு என்ன ரேட்டுன்னு. பைபிள் ஆப்பு ஆறு மணிக்கு மணி அடிக்கும், அதைத் தள்ளி விட்டுட்டுத்தான் பல்லு வெளக்குவேன். இங்க ஞாயித்துக்கெழம வேலை பாத்தா ஒன்றரை மடங்குக்கும் மேல சம்பளம், அதனால போன மாசம் வரைக்கும் ஒரு ஞாயித்துக்கெழமையும் உடல. நம்மூர்ல ஒன்பது மணி ஆராதனைன்னா இங்க மதியம் ஒன்னரை, நீ பாட்டுப் புஸ்தகத்த எடுத்துட்டு உக்கார்ற நேரம் நான் யாருக்கோ டயப்பர் மாத்திக்கிட்டு இருப்பேன். அப்படிச் சேத்தும் கையில நின்னதா? ஆகாய் தீர்க்கதரிசி சொன்ன பொத்தல் பை என்றதுதான். யோனாவாச்சும் கர்த்தருகிட்டருந்து தப்பிக்க கையில இருந்த காசக் குடுத்துக் கப்பலேறி ஓடுனான், நான் வட்டிக்கு வாங்கி ஓடியிருக்கறேன்.

இன்னொன்னும் சொல்லிர்றேன். நேரம் இல்லைங்கறது பாதிதான், பயம் பாதி. என்னைக் கொண்டு அவருக்கு என்ன ஆகப்போவுது? சண்டே ஸ்கூல் போட்டியில 23ஆம் சங்கீதத்த ஆரம்பிச்சு நாலாவது வசனத்துல நின்னு அழுதவன் நான். கோபி மாமா மகனாட்டம் பேசவும் வராது, படிச்சுப் பட்டமும் வாங்கல. ஊழியம்னா மேடை, மைக்கு, அங்கி, இதுல எதுலயும் என்னை வெச்சுப் பாக்க முடியலம்மா. அதை உங்கிட்ட சொல்ற தைரியமும் இல்ல, அதான் போன வெச்சுட்டு ஓடறது.

போன மாசம் இங்க ஒரு சின்ன சர்ச்சுக்குப் போனேன். நம்ம சிஎஸ்ஐ 1947ல பல சபைக ஒன்னா சேந்தாப்புல இங்கயும் மூணு சபை 1977ல சேந்திருக்குது, அந்தச் சபைதான். எண்ணிப் பாத்தேன், பதினாலு பேரு, என்னை உட்டா எல்லாருக்கும் எழுவது தாண்டியிருக்கும். மூணாவது வாரமே வேதபாடம் வாசிக்கறயான்னு கேட்டுட்டாங்க, முடியாதுன்னு சொல்ல இங்கிலீசு சட்டுனு வரல. காலு வெடவெடன்னு ஆடுது, பக்கத்த மாத்தித் தொறந்து சம்பந்தமே இல்லாத அதிகாரத்த முழுசா வாசிச்சுட்டு வந்து உக்காந்துட்டேன். ஒருத்தரும் ஒன்னும் சொல்லல. வெளிய வர்றப்ப ஒரு பாட்டியம்மா கையப் புடிச்சுக்கிட்டு, ரொம்ப நாளைக்கப்பறம் எனக்குக் காது கேட்டுச்சு, நீ நல்லாக் கத்தறன்னு சொல்லுச்சு.

டீ குடிக்கறப்ப எந்த ஊருன்னு கேட்டாங்க. ஈரோடுன்னேன், தெரியல. உங்க நாட்டுக்காரருதான் எங்கூருக்கு வந்து சர்ச்சு கட்டுனாரு, பிரப் ஐயா, 1933ல கட்டுனது, அதுலதான் எனக்கு ஞானஸ்நானம்னு பெருமையாச் சொன்னேன். அதுவும் ஒருத்தருக்கும் தெரியல. நம்மூர்ல ரோட்டுக்கு வேற பேரு வெச்சும் இன்னைக்கும் ஆட்டோக்காரரு பிரப் ரோடுன்னுதான சொல்றாரு, அவரு கெளம்பி வந்த நாட்டுல அந்தப் பேரே யாருக்கும் தெரியல பாரு. அன்னைக்கு சைக்கிள்ல வர்றப்ப பூரா அதேதான் நெனப்பு. அந்த மனுசனுக்கும் நம்மூரு வெயில்ல ழகரம் வராம நாக்கு சுளுக்கியிருக்குமில்ல, நான் எதுக்கு இங்க வந்தேன்னு ஒரு ராத்திரியாச்சும் உக்காந்திருப்பாருல்ல.

அடிச்ச வரிக்கு வர்றேன். பேங்க்குல ஒன்னும் பிரச்சனை இல்ல. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம ஷிப்ட நானேதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். காலையில சர்ச்சு, பதினோரு மணிக்கு தாத்தாகூட இல்லத்துக்குப் போறேன், வேலையா இல்ல, சும்மா. அவரு ஊட்டுவாரு, நான் பாடுவேன். மத்த ரூம்புலருந்தும் சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டு நாலஞ்சு பேரு வந்து உக்காந்துக்கறாங்க, ஒரு எழுத்து புரியாது அவங்களுக்கு. இதுக்குப் போயி ஊழியம்னு பேரு வெக்க எனக்கே கூச்சமா இருக்குது, நீயும் சபையில எந்திரிச்சு சாட்சி கீட்சி சொல்லி வெக்காத. ஆனா பணம் கொறையும், அதை உங்கிட்ட மறைக்க வேண்டாம்னுதான். போன ஞாயித்துக்கெழம பாடறப்ப நம்ம வாசல் திண்ணையும் நீ முறத்தோட உக்காந்திருக்கறதும் கண்ணுக்கு முன்னாடி வந்துருச்சு, பாதியில நின்னுட்டேன், அந்தம்மா மேசையத் தட்டித் தட்டி பாடுங்குது.

சரி அதை உடு. வேலையப் பாப்போம். குடோன்ல இருக்கற மஞ்சள இப்ப விக்கலாமான்னு அப்பா கேட்டிருந்தாரு. மொத்தத்தையும் வெச்சுட்டு வெலை ஏறும்னு ஒக்காந்திருக்க வேண்டாம், பாதிய இப்பவே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல ஏலத்துக்குப் போடச் சொல்லுங்க, அந்தக் காசுல உன்ற சங்கிலிய முதல்ல மீட்டுரு. வட்டி கட்டறது நான்தான்னு நெனச்சுட்டு அப்பா சும்மா இருக்கறாரு, ரெண்டு மாசமா நான் கட்டலம்மா. ஆகஸ்ட் 15க்கு வாய்க்கால்ல தண்ணி உடறாங்களான்னு பாத்துட்டு நாத்து உடச் சொல்லு, அவசரப்பட வேண்டாம்.

பெரியப்பாகூட கொழுமேட்டுச் சண்டைய இந்த வருசத்தோட முடிச்சுருங்க. அரை அடி மண்ணுக்காக ஆத்தா ரெண்டு வூட்டுக்கும் நடுவுல நின்னு அழுகுது. சர்வேயரக் கூட்டியாந்து கல்லு நட்டுட்டா தீந்துது, அதுக்குண்டான செலவ நான் அனுப்பறேன், அதுக்கு இருக்குது.

பாப்பாவுக்கு வந்த பெருந்துறை சம்பந்தம் எனக்குப் பிடிச்சிருக்குது. ஆனா அவியெ கார் கேக்கறாங்கன்னா முதல் பேச்சுலயே முடியாதுன்னு சொல்லிருங்க, நாளைக்கு ஒறம்பரை முன்னாடி சொல்லி அசிங்கப்பட வேண்டாம். பாப்பாகிட்ட தனியாக் கேட்டயா? கேளு. அப்பாவோட முழங்காலுக்கு அந்த எண்ணெய்ய மட்டும் நம்பிட்டு இருக்காம டாக்டருகிட்ட காட்டிரு.

அறுப்பின் பண்டிகை ஏலத்துல எம்பேருல ஏதாச்சும் ஒன்னு எடுக்கச் சொல்லு. போன தடவையாட்டம் அப்பா ரோசத்துல சுரைக்காய ஐநூறு ரூபாய்க்கு ஏத்திர வேண்டாம், இருநூறோட நின்னுக்கச் சொல்லு.

தாத்தா இன்னொரு பக்கெட்டு குடுத்துட்டாரு. வூட்டுல எட்டு கிலோ எலுமிச்சம்பழம் கெடக்குது, தோலு தடிமனா இருக்குது, நம்மூருப் பழமாட்ட இல்ல. ஊறுகாய் போடலாம்னு இருக்கறேன், அவருக்கும் ஒரு பாட்டில். இதுக்கு உப்பு எத்தனை, வெந்தயம் வறுத்துப் போடறதா, எத்தனை நாளு வெயில்ல வெக்கோணும்னு இந்த லெட்டர் வந்ததும் பாப்பாவ விட்டு வாட்சப்புல போடச் சொல்லு. இங்க வெயிலே இல்ல, அதுக்கு என்ன பண்றதுன்னும் கேட்டுச் சொல்லு.

உன்ற மகன்