செப்டம்பர் 30-க்குள் ரூ.3,61,500: நம் ஊர்ப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அய்யனார் துணை

அன்பான ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டடக் குழுவின் வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறையும் தாழ்வாரமும் கட்ட 'நமக்கு நாமே' திட்டத்தில் போட்டிருக்கும் மதிப்பீடு ரூ.33 லட்சம். இதில் மூன்றில் ஒரு பங்கான ரூ.11 லட்சத்தை ஊர் கட்ட வேண்டும். மீதி ரூ.22 லட்சம் அரசுப் பணம். இன்று வரை கையில் சேர்ந்திருப்பது ரூ.7,38,500. இன்னும் வேண்டியது ரூ.3,61,500. செப்டம்பர் 30-ஆம் தேதிக்குள் முழுத் தொகைக்கும் வரைவோலை எடுத்து ஒப்படைக்க வேண்டும். தவறினால் இந்த ஆண்டுப் பட்டியலில் நம் பள்ளியின் பெயர் இருக்காது என்று நேரில் போனபோது அதிகாரிகள் சொல்லி அனுப்பினார்கள். மூன்றே முக்கால் லட்சத்துக்கும் குறைவான பணத்துக்காக 22 லட்சத்தைக் கைவிட்டுவிட்டு நிற்க வேண்டுமா என்பதுதான் இப்போது ஊர் முன் இருக்கும் கேள்வி.

இந்தப் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்று இளவட்டங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தார். அரசிடம் இருக்கும் பணம் எல்லாப் பள்ளிக்கும் போதாது, ஊரார் கைகொடுக்க வேண்டும் என்று 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார்கள். முதல் மாநாடு கடம்பத்தூரில் நடந்தது. அப்புறம் அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மேடை போட்டு, ஊர் ஊராகப் பெயர் வாசித்து, பெஞ்சு கொடுத்தவர், மணி கொடுத்தவர், இடம் கொடுத்தவர் என்று எல்லோரையும் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். அப்போது நமக்குப் புதுக்கோட்டை மாவட்டம் என்று ஒன்று கிடையாது, 1974 வரைக்கும் நாம் திருச்சி மாவட்டம்தான்.

அந்த அலையில் எழுந்ததுதான் நம் ஓட்டுக் கட்டடம். இடம் கொடுத்தவர் கீழத்தெருக்காரர். தன் பேரைக் கல்லில் வெட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர் என்பதால் இங்கேயும் எழுதவில்லை. செம்புராங்கல் மாட்டு வண்டியில் வந்தது. உத்தரத்துக்கும் வாரைக்கும் ஊர்ப் பனைகளை வெட்டினார்கள். சுண்ணாம்பு அரைக்க வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துப் போனார்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்த ஆட்கள்தான் அத்தனை பேரும். அவர்கள் வண்டியில் ஏற்றிவந்த கல்லின் நிழலில் படித்துத்தான் இந்த ஊரிலிருந்து வாத்தியார் வந்தார், கிராம நிர்வாக அலுவலர் வந்தார், பட்டாளத்துக்குப் போனார்கள், கப்பலுக்குப் போனார்கள். தண்டவாளத் துண்டில் அடிக்கும் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டு வளராதவர் நம்மில் யார்?

கட்டடம் ஒரே நாளில் கெடவில்லை. பெரியவர்கள் காலத்தில் வருஷா வருஷம் வைகாசியில் ஓடு பிரித்து, உடைந்ததை மாற்றி, கரையான் அரித்த வாரையை எடுத்துவிட்டு மேய்ந்தார்கள். அந்த வழக்கம் எப்போது நின்றதோ அன்றே கட்டடம் இறங்க ஆரம்பித்துவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்தபோது பாதிக் கூரை ஓடும் போனது. தகரம் போட்டு ஓட்டினோம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். நம் கட்டடமும் இடிபட்டது. அது சரியான முடிவுதான், அதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. 2004-ல் கும்பகோணத்தில் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். பிள்ளைகள் விஷயத்தில் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்க முடியாது.

ஆனால் இடித்த இடம் இன்னும் வெறும் தரையாகவே கிடக்கிறது. 86 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், ஐந்து வகுப்பு. இருப்பது அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கட்டிய இரண்டு அறை மட்டும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி, பிள்ளைகளைக் கற்றல் நிலை வாரியாக அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துத் தரையில் வட்டமாக உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும். அந்த அறையில் ஒரு வட்டத்துக்கே இடம் பற்றவில்லை. நான்கும் ஐந்தும் தாழ்வாரத்தில். அதே தாழ்வாரத்தில்தான் காலை உணவும். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் தரையைத் துடைத்துக் காயவிட்டுப் பாய் விரித்துப் பாடம் தொடங்குகிறது. சாரல் அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒண்டுகிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் நோட்டைப் பாலித்தீன் பையில் சுற்றி, எழுதும்போது மட்டும் வெளியே எடுக்கிறாள். ஐப்பசி மழைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

"அரசாங்கப் பள்ளிக்கூடம், அரசாங்கம் கட்டட்டும், நாங்கள் வரி கட்டவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அரசு செலவு செய்யாமல் இல்லை. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டில் ரூ.7,000 கோடி என்று 2022-ல் அறிவித்தார்கள். வேலையும் பல ஊரில் நடக்கிறது. ஆனால் வகுப்பறை இல்லாத பள்ளி ஒன்றிரண்டு அல்லவே, வரிசையில் நம் முறை வரும் வரை காத்திருந்தால் இன்று இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விடும். பராமரிப்புக்கு வருவது இன்னும் குறைவு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 100 பிள்ளைகளுக்குக் குறைந்த நம்மைப் போன்ற பள்ளிக்கு வருஷ மானியம் ரூ.25,000. சாக்பீஸ், மின்விளக்கு, குழாய், துப்புரவுச் சாமான் என்று அதிலேயே எல்லாம் ஆக வேண்டும். அதில் சுவர் எழுப்ப முடியுமா? ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, சுற்றுச்சுவர் அல்லது வேலி, ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டத்தில் இருப்பது நம் ஊருக்கு வந்து சேர ஊரும் ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறது. 1997-ல் 'நமக்கு நாமே' என்று தொடங்கி, இடையில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-ல் பழைய பெயரோடு திரும்ப வந்திருக்கும் இந்தத் திட்டம் இப்படிப்பட்ட ஊர்களுக்காகத்தான். ஊர் ஒரு ரூபாய் போட்டால் அரசு இரண்டு ரூபாய் போடுகிறது. இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தங்களுக்குள் பேசி ரூ.2,40,000 அனுப்பினார்கள். அதில் பலர் வெளிநாடு போக வாங்கிய கடனையே இன்னும் அடைத்து முடிக்காதவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருக்கும் பெண்கள் தீபாவளிக்கு ஊருக்கு வரும் செலவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்கள் ஆளுக்கு இரண்டு நாள் கூலி தந்தார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நான்கும் சேர்ந்து ரூ.40,000. பேருந்து நிறுத்தத்தில் பூ விற்கும் அம்மா ஆடி வெள்ளி வியாபாரத்துப் பணத்தை முடிச்சோடு கொண்டுவந்து, எண்ணிக்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்குப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளை யாரும் இல்லை. கல்விச் சீர் அன்று தாம்பாளத்தில் நாற்காலியும் மின்விசிறியும் பீரோவும் வைத்து மேளதாளத்தோடு வந்த மேலத்தெரு, தெற்குத்தெரு மக்களையும் மறக்க முடியாது. அந்தச் சாமான்கள் வைக்க அறை இல்லாமல் ஊராட்சி அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கின்றன.

இனிச் சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊரில் 412 தலைக்கட்டு. அதில் 190 தலைக்கட்டு இன்னும் ஒரு ரூபாயும் தரவில்லை. அய்யனார் கோயில் குடமுழுக்குக்குத் தலைக்கட்டு வரி போட்டபோது ஒரு வீடு பாக்கி இல்லாமல் கொடுத்த ஊர் இது. ஆடி மாத மொய் விருந்தில் ஒரே பகலில் லட்சக்கணக்கில் நோட்டில் ஏறுகிறது. நம்மிடம் பணம் இல்லை என்று யாராவது சொன்னால் பக்கத்து ஊர்க்காரர் நம்ப மாட்டார். கோயிலுக்குக் கொடுத்தது புண்ணியம், பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் அதே அய்யனார் கணக்கில்தான் சேரும். "எங்கள் பிள்ளை வேனில் டவுன் பள்ளிக்குப் போகிறது, எங்களுக்கு என்ன?" என்று சொன்ன வீடுகளும் உண்டு. அந்த வீட்டுத் தாத்தாவும் அப்பாவும் எங்கே படித்தார்கள் என்று அவர்களே நினைத்துப் பார்க்கட்டும். பக்கத்து ஊரில் சென்ற ஆண்டே ஊர்ப் பங்கைக் கட்டி, கட்டடமும் திறந்துவிட்டார்கள்.

தராத 190 தலைக்கட்டும் ரூ.2,000 வீதம் கொடுத்தால் ரூ.3,80,000 ஆகிவிடும். பாக்கி தீர்ந்து ரூ.18,500 மிஞ்சும். மிஞ்சுவதைப் பள்ளி மராமத்து நிதி என்று தனியாக வங்கியில் போட்டு, ஆண்டுக்கு ஒரு முறை வைகாசியில் மொட்டைமாடி, ஜன்னல், குழாய் எல்லாம் பார்த்துச் செப்பனிடக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. புதுக் கட்டடமும் பழையதைப் போல் கவனிப்பார் இல்லாமல் போகக் கூடாது. முழுதாக முடியாதவர்கள் முடிந்ததைக் கொடுங்கள், இரண்டு தவணையாகவும் கொடுக்கலாம். ஏற்கெனவே கொடுத்தவர்களிடம் மறுபடி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது, மனமிருந்தால் பாருங்கள்.

கணக்கு முழுவதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படும். வங்கிக் கணக்கு எண்ணும் அங்கேயும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுப்பவர்கள் ரசீது வாங்காமல் கொடுக்க வேண்டாம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பள்ளி வேப்பமரத்தடியில் குழு உட்காரும், அன்று மாலை தெருத்தெருவாக வருகிறோம். வெளியூரில் இருப்பவர்கள் 25-ஆம் தேதிக்குள் அனுப்பிவிட்டால் வரைவோலை எடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பள்ளிக் கட்டடக் குழு
பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊர்ப் பொதுமக்களும்