ஹாம்ட்ராமக்கை உங்கள் கணக்கில் எழுதிவிடாதீர்கள்

மிச்சிகன் மாநில ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் பல வருடங்களாக வசிக்கும் தமிழன். டெட்ராய்ட்டை ஒட்டிய சிறு நகரமான ஹாம்ட்ராமக்கில் எனக்கு ஓட்டு இல்லை. ஆனால் என்னோடு வேலை பார்க்கும் வங்கதேச நண்பரின் வீடு அங்கேதான். அவர் வீட்டில் சாப்பிட உட்காரும்போது நான் கேட்கும் அரசியல் ஒன்று; தேர்தல் முடிந்ததும் உங்கள் ஆட்கள் அந்த ஊரைப் பற்றித் தொலைக்காட்சியில் சொல்வது முற்றிலும் வேறொன்று. அதனால்தான் இந்த மடல்.

2020 அதிபர் தேர்தலில் அங்கே ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு நூற்றுக்குச் சுமார் 85 ஓட்டு விழுந்தது. 2024-இல் கமலா ஹாரிஸுக்குச் சுமார் 46, டிரம்ப்புக்கு 43, பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 9. உங்களில் ஒரு தரப்பு இதைத் துரோகம் என்றது. மறுதரப்பு, மக்கள் மனம் மாறி எங்களிடம் வந்துவிட்டார்கள் என்றது. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஓட்டு என்பது அந்த ஊருக்கு எப்படிக் கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1999 நவம்பரில் நகரத் தேர்தல். வாக்குச்சாவடியில் சிலர் நின்றுகொண்டு, அரபியர் போலத் தெரிந்தவர்களையும் முஸ்லிம் பெயர் உள்ளவர்களையும் மறித்து, இவர்கள் குடிமக்களே இல்லை என்று ஆட்சேபித்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி மாட்டினார்கள். அமெரிக்கக் கடவுச்சீட்டைக் காட்டியவர்களைக்கூட, குடிமகன்தான் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, கையைத் தூக்கிச் சத்தியம் செய்வது எப்படி இருந்திருக்கும்? மத்திய நீதித்துறை வழக்குப் போட்டது. 2000-இல் நீதிமன்ற உத்தரவோடு கூட்டாட்சிப் பார்வையாளர்கள் வந்தார்கள். பூத்துகளில் அரபு அமெரிக்கரும் வங்காள அமெரிக்கரும் தேர்தல் அலுவலர்களாக உட்கார்ந்தார்கள். 2011-க்குப் பிறகு வங்காள மொழியிலும் ஓட்டுச்சீட்டு தர வேண்டியதாயிற்று. இப்படி வாங்கிய ஓட்டை, இன்ன கட்சிக்கே போட்டாக வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

அந்த ஊர் எப்போதுமே வந்தேறிகளின் ஊர்தான். டாட்ஜ் கார் தொழிற்சாலைக்காக வந்த போலந்துக்காரர்களால், 1910-இல் மூவாயிரத்துச் சொச்சமாக இருந்த மக்கள் தொகை பத்தே வருடத்தில் 48,000-ஐத் தாண்டியது. 1936-இல் தேர்தல் பிரசார நேரத்தில் அதிபர் ரூஸ்வெல்ட்டே வந்து கீவொர்த் விளையாட்டரங்கைத் திறந்துவைத்தார். 1980-இல் அந்தத் தொழிற்சாலை மூடியது. காலியான வீடுகளுக்கு யேமன்காரர்களும் வங்கதேசத்தவரும் வந்து, படுத்துக்கிடந்த கடைத்தெருவை எழுப்பினார்கள். இன்று சுமார் 28,000 பேர். 2022 முதல் மேயரும் நகர மன்ற உறுப்பினர்கள் எல்லோருமே முஸ்லிம்கள்.

ஜனநாயகக் கட்சியினருக்கு முதலில் சொல்கிறேன். 85 என்ற எண்ணைப் பார்த்து, ஊரே உங்கள் கொள்கை முழுவதையும் ஏற்றுக்கொண்டது என்று நினைத்தீர்கள். நகரத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. குடும்பம், பள்ளி, மதம் குறித்து அந்த மக்கள் பழைமைவாதிகள் என்பது அங்கே போய்ப் பேசினால்தான் தெரியும். 2023 ஜூனில் நகரக் கட்டடங்களில் தன்பாலீர்ப்பாளர்களின் வானவில் கொடி ஏற்றக் கூடாது என்று மன்றம் தீர்மானித்தபோது நீங்கள் அதிர்ந்தீர்கள். அந்தத் தீர்மானம் தவறு என்றே நானும் நினைக்கிறேன். வாக்குச்சாவடியில் மறிக்கப்பட்டவர்களின் ஊர், இன்னொரு சிறுபான்மையை ஒதுக்கியிருக்கக் கூடாது. நண்பரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, அது எங்களுக்குள். ஆனால் காஸா போரில் பைடன் அரசு இஸ்ரேலை ஆதரித்த விஷயத்தில் ஊர் காட்டிய கோபத்தைப் பார்த்து நீங்கள் அதிர்ச்சி அடைய உரிமையே இல்லை. 2024 பிப்ரவரியில், உங்கள் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில், ஹாம்ட்ராமக்கில் நூற்றுக்கு 60-க்கும் மேற்பட்டோர் 'யாருக்கும் ஆதரவில்லை' என்ற கட்டத்தில்தான் குறியிட்டார்கள். எட்டு மாதம் முன்பே, உங்கள் சொந்தத் தேர்தலில் நின்று சொன்னார்கள். அப்படிக் குறியிட்டவர்களின் பிரதிநிதிகள், ஆகஸ்டில் உங்கள் கட்சியின் சிகாகோ மாநாட்டு மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்குப் பேச இடம் கேட்டார்கள். அதையும் நீங்கள் தரவில்லை.

குடியரசுக் கட்சியினரே, நீங்கள் வந்தீர்கள், அது உண்மை. 2024-இல் அப்போதைய மேயர் அமர் காலிப் டிரம்ப்பை ஆதரித்தார். அக்டோபரில் டிரம்ப்பே ஊருக்குள் வந்தார். அப்புறம் என்ன நடந்தது? 2025 ஜூனில் வந்த பயணத் தடைப் பட்டியலில் யேமன் மறுபடி இருந்தது. 2017-இலும் இருந்தது. அம்மாவையோ மனைவியையோ அழைத்துவரக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது வெறும் செய்தி இல்லை. இன்னொன்றும் உண்டு. 2000-இலும் 2013-இலும், உங்கள் கட்சி ஆளுநர்களின் காலத்தில், நிதி நெருக்கடி என்று சொல்லி ஊர் நிர்வாகத்தை மாநிலம் நியமித்த ஒருவர் கையில் கொடுத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் பெயருக்கு இருந்தது. அங்கே நிறையப் பேர் இன்னும் அதை மறக்கவில்லை.

2026 நவம்பரில் மிச்சிகன் ஆளுநரையும் ஒரு செனட்டரையும் தேர்ந்தெடுக்கிறது. அதற்கு நீங்கள் எப்படியும் வருவீர்கள். நான் கேட்பது, அது முடிந்த பிறகு 2027 ஜனவரியில் வாருங்கள் என்பதுதான். அப்போது யாரும் ஓட்டுக் கேட்க மாட்டார்கள், கோனன்ட் சாலையில் பனி கொட்டிக் கிடக்கும். அரபியும் வங்காளியும் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு, நகர மன்றக் கூட்டத்தில் பின்வரிசையில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். கொடி விஷயத்தில் மனம் புண்பட்டவர்களும் அங்கே வந்து பேசுவார்கள், அவர்களையும் கேளுங்கள்.

அன்புடன்,
டெட்ராய்ட் புறநகரிலிருந்து ஒரு வாக்காளர்