துடுப்புச் சக்கரத்தில் கை வைக்குமுன்

செம்பவாங், சிங்கப்பூர்

அன்பு மச்சான்,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மகளோடு கொஞ்ச நாள் இருக்கலாமென்று இங்கிலாந்து போனவன், பழைய துடுப்புச் சக்கரக் கப்பலைச் சரிபார்க்கும் தொண்டர்களோடு சேர்ந்துவிட்டாயாமே. இங்கே மழைக்காலம், மத்தியானமானால் கொட்டித் தீர்க்கிறது. கோப்பிக்கடையில் நம் பழைய ஆட்கள் உன் படங்களைக் கைமாற்றிப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அதில் உருப்படியானதை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமைதோறும் பத்துப் பேர் கூடிப் பெயிண்ட் அடிக்கிறீர்கள் என்கிறாய். முதலில் அதை நிறுத்துங்கள். பெயிண்ட் கடைசி வேலை. தகட்டின் தடிமன் தெரியாமல் அடித்தால் ஓட்டையைத்தான் மூடிவைக்கிறீர்கள். ஒலியை அனுப்பித் தடிமன் அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டரை வாடகைக்கு எடுங்கள். தடிமன் தெரிந்த சோதனைக் கட்டையில் வைத்துச் சரிசெய்த பிறகு, ஒவ்வொரு தகட்டிலும் அடிக்கு ஓர் இடமாக அளந்து சாக்பீஸால் அங்கேயே எழுதுங்கள். தொடும் இடம் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டியிருக்க வேண்டும். ஒலி பெயிண்டுக்குள் இரும்பில் போகும் வேகத்தில் பாதிகூடப் போகாது. அதனால் 1 மி.மீ. பெயிண்டை மீட்டர் 2 மி.மீ.க்கு மேலான இரும்பாகக் கணக்குப் போட்டுவிடும். அறுபது எழுபது வருடப் பெயிண்ட் ஏறிய கப்பல் உடம்பு அது, ஏமாறாதே. நீர்மட்டப் பட்டையையும், பாய்லருக்கு அடியில் தண்ணீர் தேங்கும் பில்ஜ் என்ற அடிவயிற்றுப் பகுதியையும், சக்கரத்தை மூடும் பெட்டி உடம்போடு சேரும் மூலையையும் இன்னும் நெருக்கமாக அளங்கள். கட்டிப்போட்ட கப்பல் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும். மேல்தளத்தில் கசியும் மழைத் தண்ணீர் கீழே தேங்கித் தகட்டைத் தின்னும். ஆகவே மேல்தளப் பலகைகளுக்குத் தூத்துக்குடித் தோணிக்காரர்கள்போல் நீங்களும் கலப்பத்து அடிக்க, அதாவது இடுக்குகளை அடைக்க, வேண்டியிருக்கும். தார் தோய்த்த சணலைப் பலகை இடுக்கில் இறுக்கி, மேலே கீல் என்ற கெட்டித் தாரை ஊற்ற இடம் விடுங்கள். கீலை அளவுக்கு மேல் காய்ச்சினால் நொறுங்கும் தன்மை வந்துவிடும், அந்த ஊர்க் குளிரில் ஒரே வருடத்தில் வெடித்துவிடும்.

மூன்றாவது படத்தில் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் தலைக்குக் கீழே துருவின் கோடு இறங்குகிறதே, அது கசிவு. ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார். இறுகிய ரிவெட் கல்போல் இருக்கும். தளர்ந்தது விரலில் துடிக்கும். கசிவு லேசாக இருந்தால் தலையின் ஓரத்தை மழுங்கிய உளியால் அடித்து இறுக்கலாம். நிற்கவில்லையென்றால் கழற்றிப் புதிது போட வேண்டியதுதான். "வெல்டிங்கில் ஒரு சுற்று வைத்துவிடலாமே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். விடாதே. வெல்டிங் ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும், பக்கத்து ரிவெட்டுகள் தளரும். இன்று ஒன்றை அடைத்தால் அடுத்த மாதம் நாலு ஒழுகும். அந்தக் காலத்து எஃகில் கந்தகமும் பாஸ்பரஸும் கூடுதலாக இருந்தால் வெல்டிங் ஓரத்திலேயே விரிசலும் விழும்.

புது ரிவெட்டுக்கு நம் பழைய கணக்கே போதும். 19 மி.மீ. ரிவெட்டுக்குத் துளை 20.5. உருண்டைத் தலை அடிக்க வேண்டிய நீளத்துக்கு, தகட்டு அடுக்கின் கனத்தோடு விட்டத்தில் ஒன்றரை மடங்கைக் கூட்டு. இரண்டு 10 மி.மீ. தகட்டுக்கு ஏறத்தாழ 48 மி.மீ. வரும். துளைகள் நேர்படாவிட்டால் துளையைச் சீவிச் சீராக்கும் ரீமர் ஓட்டு, கூர் ஆணியை அடித்து இழுக்காதே. சூடு சுமார் 1,000 டிகிரி, பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். உலையில் பொறி பறந்தால் ரிவெட் எரிந்துவிட்டது, தூக்கி எறி. மங்கிச் சிவந்த பிறகு அடிப்பதும் வீண். ஆறிச் சுருங்கும்போதுதான் ரிவெட் தகடுகளை ஒன்றோடொன்று பிடிக்கிறது.

இதெல்லாம் இந்தக் காலத்தில் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு மெட்வே குவீனைக் காட்டு. 1924-இல் ஸ்காட்லாந்தின் ட்ரூனில் கட்டிய துடுப்புச் சக்கரக் கப்பல். 1940-இல் போரின்போது பிரான்ஸின் டன்கர்க்குக்கு ஏழு முறை போய், அங்கே சிக்கிய வீரர்களில் ஏறக்குறைய 7,000 பேரைக் கொண்டுவந்தது. பிறகு உடம்பு உளுத்துப்போய், பிரிஸ்டலில் முழுக்க ரிவெட் அடித்தே புது உடம்பு செய்து, 2013-இல் கில்லிங்ஹாமுக்குத் திரும்பியது. வெல்டிங் செய்திருந்தால் செலவு குறைந்திருக்கும். செய்யாததுதான் சரி என்பேன்.

இனிச் சக்கரம். எனக்குத் தூக்கம் கெட்டது இதை நினைத்துத்தான். உங்களுடையது, தண்ணீரைத் தள்ளும் துடுப்புப் பலகைகள் தாமே திரும்பும் வகை. சக்கரத்தின் மையத்திலிருந்து விலகிய இன்னொரு மையம், அதிலிருந்து ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தண்டு. பலகை தண்ணீரில் அறையாமல் கத்திபோல் இறங்கி, செங்குத்தாக நின்று தள்ளிவிட்டு வெளியேறுவது அதனால்தான். தண்டுகளில் ஒன்று மட்டும் மையத்து வளையத்தோடு அசையாமல் பிணைந்து, அந்த வளையத்தையே இழுத்துச் சுற்றும். மற்றவற்றுக்கு இரு முனையிலும் ‘பின்’ என்ற முளையாணி. சிக்கல் இந்தப் பின்களில்தான். ஒவ்வொரு முனையிலும் 1 மி.மீ. தேய்ந்தாலே பலகையின் விளிம்பில் பல மி.மீ. ஆட்டம் வரும். எட்டுப் பலகை, நிமிடத்துக்கு 40 சுற்று என்றால் ஒரு சக்கரத்தில் நிமிடத்துக்கு 320 தடவை அடி விழும். மணிக்கு 19,200. தண்டு வளைவதும் பின் முறிவதும் பிறகு நாள் கணக்குத்தான்.

பின் சுழலும் உறையான புஷ், லிக்னம் வைட்டே என்ற கடின மரமாக இருந்தால் அதிர்ஷ்டம். தண்ணீரே அதற்கு எண்ணெய். ஆனால் காய்ந்தால் வெடிக்கும், அதனால் கப்பல் உலர்துறையில் ஏறியிருக்கும் நாளெல்லாம் ஈரச்சாக்கு சுற்றி வையுங்கள். புதுக் கட்டையை நன்றாக ஊறவைத்துவிட்டே கடையுங்கள். காய்ந்த நிலையில் அளவாகக் கடைந்தால் தண்ணீரில் ஊதிப் பின்னைக் கவ்விக்கொள்ளும். பலகைக்கு இரும்புத் தகடு போடலாம் என்ற யோசனையையும் மறந்துவிடு. கட்டை ஏதாவது வந்து இடித்தால் மரப்பலகை உடையும், தண்டு தப்பிக்கும். புதுப்பலகை மாட்டி ஓட்டிப் பார்த்த முதல் நாள் மாலையே போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

எஞ்சினை வாரம் ஒருமுறை கையால் கால்பங்குச் சுற்றாவது திருப்பி வையுங்கள். பேரிங் இடைவெளி பார்க்க ஈயக் கம்பியை வைத்து மூடியை இறுக்கி, நசுங்கியதை மைக்ரோமீட்டரில் அள. 100 மி.மீ. தண்டுக்கு 0.1 மி.மீ. சுமாரான கணக்கு.

குழாய்களில் வெள்ளையாகச் சுற்றியிருப்பதை யாரும் தொட வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், உரிமம் பெற்றவர்களே எடுக்கட்டும். பழைய சிவப்பு பெயிண்டில் ஈயம் இருக்கும், காய்ந்தபடி கிரைண்டர் வைக்காதே.

அடுத்த கடிதத்தில் ஒவ்வொரு பின்னின் விட்டத்தையும் புஷ்ஷின் உள்விட்டத்தையும் எழுது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று இரண்டிரண்டு அளவு வேண்டும். தேய்மானம் வட்டமாக இருக்காது.

உன் பழைய பட்டறைத் தோழன்