என் பெயரில் ஒரு கள்ள உறுதி

திருகோணமலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் சுகம். கோட்டைப் பக்கத்து மான்கள் இப்போதும் றோட்டோரம் படுத்துத்தான் கிடக்கின்றன.

மனதில் ஒரு பாரம் இருக்கிறது, உனக்குச் சொல்ல வேண்டும். போன மாதம் வயதான கணவனும் மனைவியும் என் நொத்தாரிசுக் கந்தோருக்கு வந்தார்கள். கையில் நிலாவெளிக் காணிக்கான உறுதிப் பத்திரம் ஒன்று. "ஐயா முடித்துத் தந்ததுதானே, பதிவு இன்னும் வரவில்லையே?" என்று அந்த அம்மா கேட்டார். என் பெயர், என் முத்திரை, என் கையெழுத்தைப் போலவே ஒரு கையெழுத்து. ஆனால் அவர்களை அன்றுதான் முதன்முதலாகக் காண்கிறேன். என் படத்தை வைத்து வட்ஸ்அப்பில் யாரோ பேசியிருக்கிறான். "ஐயாவுக்குச் சுகமில்லை" என்று ஒரு கிளாக்கர் வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறான். காசும் போய்விட்டது.

என் பெயரைக் காப்பாற்றியது உறுதி இலக்கம். அந்த இலக்கத்தில் நான் முடித்தது உப்புவெளிக் குடும்பம் ஒன்றின் நன்கொடை உறுதி. அதன் பிரதி என் அலுமாரியில் இருக்கிறது, இன்னொன்று காணிப் பதிவகத்தில். ஒரு மாதத்து உறுதிகளின் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 1907ஆம் ஆண்டு நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ள விதி. எத்தனையோ மாதம் சலித்துக்கொண்டு செய்த வேலை அது.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன், பதிவகத்துக்கும் எழுதினேன். முத்திரையை மாற்றிவிட்டேன், இப்போது மேசையில் வைப்பதில்லை. கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் படமெடுத்து யாருக்கும் அனுப்புவதும் இல்லை.

ஆனால் எனக்குப் பெரிய பயம் வேறு, மச்சான். காணிக்குச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டே ஒருவன் வந்து என் முன்னால் உட்கார்ந்தால்? கையெழுத்து வைப்பவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு சாட்சிகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஊர் ஊராக இருந்த காலத்தில் அது போதும். சண்டையிலும் 2004 சுனாமியிலும் இடம்பெயர்ந்து, பாதிச் சனம் வெளிநாட்டில். கடற்கரைக் காணிக்கோ விலை ஏறிப்போயிற்று. தரகர் கூட்டிவரும் சாட்சிக்கு யாரைத் தெரியும்? அடையாள அட்டையை மட்டும் நம்பி நான் இப்போது உறுதி முடிப்பதில்லை. ஒழுங்கையில் உள்ள பழைய ஆட்களிடம் கேட்கிறேன், சொந்தக்காரரின் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுகிறேன். "இவர் சரியான மெத்தனம்" என்று சிலர் வேறு ஆளிடம் போகிறார்கள். போகட்டும்.

உன் காணி விஷயமாகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். உறுதியின் படத்தை யாருக்கும் அனுப்பாதே. உனக்காகக் கையெழுத்து வைக்க வேறொருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுப்பதென்றால் முதலில் என்னோடு கதை, கந்தோரின் பழைய நம்பரில் மட்டும். வேறு நம்பரில் என் படம் வந்து முற்பணம் கேட்டால் அது நானில்லை.

புதன்கிழமை பதிவகத்துக்குப் போகிறேன், உன் காணியின் பதிவேட்டையும் பார்த்து எழுதுகிறேன். அந்த அம்மாவும் வருகிறார். அவர்களுக்கு ஒரு நல்ல சட்டத்தரணியை ஒழுங்கு செய்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்